திரைக்கு முன்னால் விளக்கு

ஜுமைலாவுக்கு முதல் கோபம் ஒரு பல்பின் மேல்தான் வந்தது.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்குப் பின்னால், மிளகுக் கிட்டங்கிகளின் சுவரை ஒட்டிய சந்தில் அவள் வீடு. கணவன் கபீர் கல்யாண வீடுகளுக்கு லைட் போடுகிறவன். வயர்மேன் லைசென்ஸ் வைத்திருந்தான். தோப்பும்படியிலிருந்து போர்ட் கொச்சி வரைக்கும் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அவனுக்குத்தான் ஆள் வரும். அப்படிப்பட்டவன் வீட்டு அடுக்களையில் ஒரே ஒரு பல்பு, அறையின் நட்டநடுவில் தொங்கியது. அடுப்பும் அம்மியும் அரிவாள்மனையும் சுவரோரம். நின்றாலும் உட்கார்ந்தாலும் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால். எட்டு வருஷம் அவள் தன் நிழலிலேயே மீன் அரிந்தாள். விரல் வெட்டுப்பட்ட நாட்களில் தன் அவசரபுத்தியைத்தான் திட்டிக்கொண்டாள்.

பம்பாயிலிருந்து தபாலில் வந்த பாடப்புத்தகத்தில், மூன்றாம் பாடத்தில் ஒரு படம் இருந்தது. மேசை முன்னால் ஒருவன் உட்கார்ந்து எழுதுகிறான். விளக்கு அவனுக்குப் பின்னால். தாளின் மேல் அவன் தலையின் நிழல். கீழே ஒரு வரி: இப்படி விளக்கு வைக்காதீர்கள். ஜுமைலா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் இடதுகைப் பெருவிரலைப் பார்த்தாள். அதில் மூன்று தழும்புகள்.

"அடுக்களை பல்பு நீங்க போட்டதுதானே?" என்று கபீரிடம் கேட்டாள்.

"ஆமா. நல்லா எரியுதில்லே?"

"எரியுது. எனக்குப் பின்னாடி எரியுது."

"அப்ப நீ திரும்பி நின்னு அரி" என்று சொல்லிச் சிரித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் ஜும்மாவுக்குப் போன நேரம் பார்த்து, பியூஸ் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, ஹோல்டரை அடுப்புக்கு இடதுபக்கச் சுவருக்கு மாற்றினாள். அன்றைக்குத்தான் தான் அரிகிற மீனின் நிறத்தை அவள் பார்த்தாள். கபீர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். பல்பு இடம் மாறியது அவன் கண்ணில் படவே இல்லை.

அந்தப் பாடம் அவன் பேரில் வந்த பாடம். துறைமுகத்தை ஒட்டிய ஐலண்டில் புதிதாக ஒரு ஹோட்டல் வரப்போகிறது, அங்கே உள்ளும் புறமும் விளக்குப் போட சர்டிபிகேட் உள்ள ஆள்தான் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கபீர் பம்பாய்க்கு எழுதிச் சேர்ந்தான். சேர்வதற்கான விண்ணப்பத்தையே ஜுமைலாதான் நிரப்பினாள். அவள் போர்ட் கொச்சிக் கன்னியாஸ்திரீ பள்ளிக்கூடத்தில் பத்துவரை படித்தவள். பாடமெல்லாம் இங்கிலீஷில். கபீருக்கு மலையாளம் வாசிக்க வரும், அவ்வளவுதான். "நீ வாசிச்சுச் சொல்லு, நான் மனசிலாக்கிக்கறேன்" என்றான். முதல் பாடத்தில் இரண்டு பக்கம் கேட்டான். இரண்டாம் பாடத்தில் குறட்டை விட்டான். மூன்றாம் பாடத்திலிருந்து கேட்கவே இல்லை.

விடைகளை அவள் எழுதினாள். படங்களை அவள் வரைந்தாள். அடியில் கபீரின் கையெழுத்தை, அந்தக் கடைசி எழுத்தின் வால் சுழிப்போடு, அவளே போட்டாள். நாளாக ஆக அவனைவிட நன்றாகவே அவளுக்கு அது வந்தது.

பதில் கடிதங்கள் வரும். 'அன்புள்ள திரு. கபீர், நிழலைப் பற்றிய உங்கள் கவனம் அபூர்வமானது. நூற்றுக்கு எண்பத்தாறு.' அவள் அதைத் தமிழில் சொல்வாள். அவன் சாயாக்கடையில் போய்ச் சொல்வான். சந்துக்காரர்கள் அவனைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கத் தொடங்கினார்கள். ஜுமைலாவுக்கு ஆரம்பத்தில் அது சந்தோஷமாகவே இருந்தது. தன் பிள்ளை பரிசு வாங்கி வந்ததுபோல ஒரு சந்தோஷம். ஒரு நாள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சுருக்கென்று தோன்றியது: பிள்ளை என்றால் பெற்றவள் என்ற பேராவது மிஞ்சும். இதில் எனக்கு என்ன மிஞ்சுகிறது? ஈரத்துணியை அவள் உதறிய வேகத்தில் கொடிக்கயிறு அறுந்தது.

எட்டாம் பாடம்தான் கடைசி. அதற்கு விடை எழுத முடியாது. ஒரு கட்டடத்துக்கு உள்ளும் புறமும் விளக்கமைப்பை வரைந்து, வரைந்தபடியே செய்து காட்டி, அதன் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு தாள் வந்திருந்தது. அதில் ஒரு கோடு: 'அமைப்பை வகுத்தவர் பெயர்.' ஜுமைலா அந்தக் கோட்டை மட்டும் காலியாக விட்டு, தாளை மடித்து அலமாரியில் துணிகளுக்கடியில் வைத்தாள். ஏன் காலியாக விட்டோம் என்று தன்னைக் கேட்டுக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மிளகு மொத்த வியாபாரி நைனா முகம்மது ராவுத்தரின் இரண்டாவது மகள் ஃபாத்திமாவுக்கு நிக்காஹ் வந்தது. சந்து முழுவதையும் அடைத்து ஆண்களுக்குப் பந்தல். வீட்டின் உள்முற்றத்தில் பெண்களுக்கு இடம். இரண்டுக்கும் நடுவே, வாசல் சுவர் முடிகிற இடத்திலிருந்து பலாமரம் வரை, நாற்பது முழத்துக்கு வெள்ளை மல் துணியில் திரை. மெல்லிசாக, காற்று வரும்படிதான் திரை கட்ட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

ஜுமைலா மூன்று நாள் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனாள். பெண்கள் பக்கத்துக்குள் எந்த வயர்மேனும் போய் உட்கார்ந்து பார்த்ததில்லை. வாசலில் நின்றபடி உள்ளே கைகாட்டி, அங்கே ஒரு டியூப், இங்கே ஒரு டியூப் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் எல்லோரும். அவள் கிழவிகள் சாயும் தூணில் சாய்ந்து பார்த்தாள். மணப்பெண் உட்காரும் கட்டிலில் உட்கார்ந்து எது கண்ணைக் கூசவைக்கும் என்று பார்த்தாள். சாணும் முழமும் வைத்து அளந்தாள்.

பிறகு வரைந்தாள். திரைக்கு முன்னால், ஆண்கள் பக்கம், உயரத்தில் ஆறு டியூப்கள், வெளிச்சம் துணியின் மேல் விழும்படி. திரைக்குப் பின்னால் டியூப்பே இல்லை. சுவரோரம் இடுப்பளவு உயரத்தில், தகரக் கூம்புக்குள் எட்டு சின்ன பல்புகள், தரையைப் பார்த்தபடி. சந்தில் பலாமரத்துக்குச் சரவிளக்குச் சுற்றக்கூடாது. அடியில் இரண்டே இரண்டு விளக்குகள், மேல்நோக்கி. கபீருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக மலையாளத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதினாள்: திரைக்குப் பின்னால் டியூப் கூடாது. இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

கபீர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "மரத்துக்கு எதுக்கு வெளிச்சம்? மரமா கல்யாணம் கட்டுது?" என்று மட்டும் கேட்டான்.

நிக்காஹ் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஜுமைலா பின்வாசல் வழியாகப் பெண்கள் பக்கம் நுழைந்தாள். நுழைந்ததுமே நின்றுவிட்டாள். முற்றத்தின் பின்சுவரில் வரிசையாக ஆறு டியூப்கள் கட்டப்பட்டிருந்தன. தகரக் கூம்புகள் மூலையில் ஒரு சாக்கில் கிடந்தன.

கிணற்றடியில் கபீர் வயரை இழுத்துக்கொண்டிருந்தான். அவள் நேரே அவனிடம் போனாள்.

"என்ன இது?"

"மெல்லப் பேசு. முதலாளி சொன்னாரு. பொம்பளைங்க பக்கம் மங்கலா இருக்கக்கூடாதாம். அம்பது பவுன் போட்டுக்கிட்டு இருட்டுல உக்கார்றதுக்கா, அந்த ஆறு டியூப்பையும் உள்ளே கட்டுன்னாரு."

"நான் எழுதியிருந்தேனே."

"எழுதியிருந்தே. முதலாளிகிட்டே என்னான்னு சொல்ல? என் வீட்டுக்காரி வேண்டாங்கறான்னா?"

"திரைக்குப் பின்னாடி வெளிச்சம், முன்னாடி இருட்டு. இங்கே இருக்கிற ஒவ்வொருத்தியும் அந்தத் துணியில நிழலா விழுவா. மூக்கு, கழுத்து, எல்லாம். அங்கே இருநூறு ஆம்பளைங்க உக்காந்து பாப்பாங்க."

கபீர் திரையைத் திரும்பிப் பார்த்தான். வெயிலில் அது வெறும் வெள்ளைத் துணியாகத்தான் தொங்கியது. "நான் ரெண்டு தரம் அந்தப் பக்கம் போய்ப் பாத்தேன். ஒரு நிழலும் தெரியலே. கொழப்பமில்லே, நீ போய் உக்காரு."

"பகல்ல பாத்தீங்க."

"பின்னே எப்பப் பாக்கறது? சும்மா இரு ஜுமைலா. புத்தகம் வாசிச்சா மட்டும் போதுமா? பதினஞ்சு வருஷமா நான் கட்டாத பந்தலா?"

அவள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது ஏன் என்பதைப் பிற்பாடு பலமுறை அவள் தனக்குள் கிண்டிப் பார்த்தாள். போய் வீட்டு எஜமானியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடக்கட்டும், நடந்து அவன் பார்க்கட்டும் என்று அவளுக்குள் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கபீர் மெயினைப் போட்டான். முற்றம் பளீரென்று ஆனது. "அல்லா, பகல் மாதிரி இருக்கே" என்றாள் ஒரு கிழவி. வெளியே பலாமரம் அடியிலிருந்து நுனிவரை பொன்னிறமாக எழுந்து நின்றது. அந்த மரத்தை அதுவரை யாரும் மரமாகப் பார்த்ததில்லை. திரைக்கு அப்பால் நைனா முகம்மதுவின் குரல் கேட்டது.

"எடா கபீரே, மரத்தை என்னடா செஞ்சே? சம்மந்தி வீட்டுக்காரங்க வாயைப் பொளந்துட்டாங்க. இது ஆரு சொன்ன யோசனை?"

ஜுமைலா திரைப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"சும்மா ஒரு ஐடியா தோணிச்சு முதலாளி" என்றான் கபீர்.

தோணிச்சாம். மரத்தடியில் மூன்று மத்தியானம் அண்ணாந்து நின்று கழுத்து பிடித்துக்கொண்டவள் நான். இவனுக்குத் தோணிச்சாம்.

அதற்குள் அந்தச் சிரிப்பு தொடங்கியிருந்தது. முதலில் ஒருவன், அடக்கியபடி. பிறகு நாலைந்து பேர். திரையருகே ஒரு பருத்த பெண் முக்காட்டைச் சரிசெய்ய இரண்டு கைகளையும் தூக்கினாள். அப்பால் சிரிப்பு எழுந்தது. அவள் கைகளை இறக்கினாள். சிரிப்பு நின்றது. ஒரு கிழவி பாக்கை வாயில் போட்டு ஆவென்று திறந்தாள். மறுபடி சிரிப்பு. பெண்கள் யாரும் கவனிக்கவில்லை. ஆண்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். ஜுமைலாவுக்கு மட்டும் தெரிந்தது. தெரிந்தும் அசையாமல் இருந்தாள். பார்த்தாயா, பார்த்தாயா என்று அவளுக்குள் அந்த ஒருத்தி கைகொட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஃபாத்திமாவின் அக்கா ரம்லத், அழுகிற கைக்குழந்தையோடு வந்து திரையை ஒட்டி உட்கார்ந்தாள். ஒருக்களித்துத் திரும்பி, ரவிக்கைப் பொத்தானில் கை வைத்தாள். அப்பால் எல்லாச் சத்தமும் ஒரேயடியாக அடங்கியது.

அந்த அமைதியில்தான் ஜுமைலாவுக்குத் தன் மேல் வெறுப்பு வந்தது. சொன்னது பலிக்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன், இவர்களை விலையாக வைத்து. அவள் எழுந்து ஓடி, உள்நடையில் இருந்த மீட்டர் பலகையிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினாள்.

முற்றம் இருண்டது. பெண்கள் கத்தினார்கள். "யாருடீ அது? பைத்தியமா உனக்கு?" என்றாள் வீட்டு எஜமானி. ஜுமைலா இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். எஜமானி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பந்தல் முகப்பில் ஒரு டியூப் மட்டும் தூரத்தில் எரிய, திரையில் இப்போது எதுவுமே இல்லை. ரம்லத் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள்.

திரைக்கு அப்பால் நைனா முகம்மதுவின் குரல் வேறாகிவிட்டிருந்தது. "கபீரே, இங்கே வா. சம்மந்தி முன்னாடி என் வீட்டுப் பொம்பளைங்களை நிழலாட்டம் ஆட விட்டுட்டியே. இதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்? எவன் போட்ட பிளான் இது?"

கபீரின் குரல் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி, தெளிவாக வந்தது.

"என் வீட்டுக்காரி போட்டது முதலாளி. ஜுமைலா. அவதான் எல்லாம் வரைஞ்சு தந்தா. பொம்பளை புத்தியை நம்பி நான் கட்டிட்டேன்."

ஒன்றரை வருஷம். எட்டுப் பாடம். நூற்றுக்கு எண்பத்தாறு, தொண்ணூற்றொன்று. ஊரார் முன்னால் அந்த மனிதன் வாயிலிருந்து அவள் பேர் முதல் தடவையாக வந்தது இப்போதுதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு சுத்தமான கோபம் தனக்குள் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, திரைக்கு ஒரு முழம் இப்பால் வந்து நின்று பேசினாள்.

"முதலாளி, ஜுமைலா பேசறேன். பிளான் என்னுதுதான். அது அவர் சட்டைப் பையில இருக்கு. வாங்கிப் பாருங்க."

"விடு ஜுமைலா" என்றான் கபீர்.

"வாங்கிப் பாருங்க. சிவப்புப் பென்சில்ல மலையாளத்துல எழுதியிருக்கேன்."

தாள் பிரிகிற சத்தம் கேட்டது. நைனா முகம்மது சத்தமாக வாசித்தார். "திரைக்குப் பின்னால் டியூப் கூடாது." ரெண்டு கோடு வேற போட்டிருக்கு, என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. டியூப்பை உள்ளே கட்டச் சொன்னவர் நைனா முகம்மதுதான். அது அவருக்கும் தெரியும், அவர் சொன்னபோது பக்கத்தில் நின்றவர்களுக்கும் தெரியும். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"இனி என்ன செய்யணும்மா?" என்றார்.

"டியூப் ஆறையும் கழட்டி உங்க பக்கம் கட்டணும். உயரத்துல, துணியைப் பாத்த மாதிரி. இங்கே சாக்குல எட்டுக் கூம்பு கிடக்கு. அதை நான் மாட்டறேன். அரை மணிக்கூர் போதும். பியூஸ் என் கையில இருக்கு. நான் சொல்றவரைக்கும் யாரும் மெயினைத் தொட வேண்டாம்."

அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் அவள் கூம்புகளை மாட்டினாள். வீட்டு எஜமானியே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் அடுக்களையில விளக்கு முதுகுக்குப் பின்னாடிதான் புள்ளே" என்றாள் நடுவில், எதையோ நினைத்துக்கொண்டவள்போல.

பியூஸைச் செருகியதும் திரை வெள்ளைச் சுவராக நின்றது. அப்பாலிருந்து பார்த்தால் துணிதான். இப்பாலிருந்து பார்த்தால், மெல்லிய மல் துணி கரைந்தே போய்விட்டது. பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் தெரிந்தார்கள். மூக்கைக் குடைகிறவன் தெரிந்தான், கொட்டாவி விடுகிறவன் தெரிந்தான்.

"மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் பெருசுடீ" என்றாள் ஒருத்தி.

"நல்லதுதான். ஃபாத்திமா சொல்றது கேக்கும்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜுமைலா சிரிக்கவில்லை. அவள் கண் பந்தல் காலடியில் நின்ற கபீரின் மேலேயே இருந்தது. அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அவள் தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நைனா முகம்மது வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பேரு எழுதாம இருக்கே?" "எழுதத்தான் போறேன்" என்றாள். வீட்டுக்கு வந்து, கபீர் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் எதிரில் உட்கார்ந்து அந்தக் கோட்டின் மேல் தன் பேரை எழுதினாள். கூடவே ஒரு கடிதமும் எழுதியிருந்தாள். அதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் அவனுக்குச் சொன்னாள். ஏழு பாடங்களுக்கும் விடை எழுதியவள் நான். படங்கள் வரைந்தவள் நான். திரு. கபீரின் கையெழுத்தைப் போட்டவளும் நான்.

கபீர் டம்ளரைக் கீழே வைத்தான். "நேத்து வாய் தவறிப்போச்சு ஜுமைலா. பயத்துல சொல்லிட்டேன்."

"வாய் தவறலே. உண்மையைத்தான் சொன்னீங்க. இருநூறு பேர் முன்னாடி சொன்னீங்க."

"இதை அனுப்பினா சர்டிபிகேட் எனக்கும் கிடைக்காது, உனக்கும் கிடைக்காது. கள்ளக் கையெழுத்துன்னு தூக்கிப் போட்டுருவான். ஹோட்டல் வேலை போச்சு."

"போகட்டும்."

"ஒரு பேருக்காகவா?"

"உங்களுக்கு அது ஒரு பேரு. தப்பு நடந்ததும் உடனே ஞாபகம் வந்துச்சில்லே, அந்தப் பேரு?"

அவள் கடிதத்தைத் திருப்பி அவன் பக்கம் தள்ளி, பேனாவை மேலே வைத்தாள்.

"மேலே உள்ளதெல்லாம் சரிதான்னு நீங்க அடியில கையெழுத்துப் போடணும். நான் போட்டா உங்க கையெழுத்து மாதிரியே இருக்கும், அவங்களும் நம்புவாங்க. ஆனா இதை நீங்கதான் போடணும்."

சந்தில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அவள் எழுந்திருக்கவில்லை. கபீர் பேனாவை எடுத்தான், மூடியைத் திருகினான், தாளை நேராக்கினான், மறுபடி கோணலாக்கினான். கடைசியில் போட்டான். எழுத்துகள் கோணி, கடைசி எழுத்தின் வால் சுழியாமல் பாதியில் நின்றது. ஒன்றரை வருஷமாகப் பம்பாய்க்குப் போன கையெழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பம்பாய்க்காரர்கள் இதைத்தான் கள்ளக் கையெழுத்து என்பார்கள்.

ஜுமைலா அதன் மேல் ஊதி மையை உலர்த்தினாள். கோபம் ஆறியிருக்கவில்லை. உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு, தபாலாபீஸுக்கு அவளே நடந்தாள்.